வாசகர் கேள்வி – பதில்: அமெரிக்காவுல வசந்த கால வான்கோழி வேட்டை, முதல் தடவை போறவங்களுக்கு

போன இதழ்ல ஒரு பதிலுக்கு நடுவுல, அமெரிக்காவுல ஏப்ரல் வந்தா காட்டு வான்கோழி வேட்டை சீசன் ஆரம்பிச்சிடும்னு ரெண்டு வரி எழுதியிருந்தேன். அதுக்கு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலைன்னு பழைய வட ஆற்காடு முழுக்க இருந்து கடிதம், வாட்ஸ்அப்னு வந்துகினே இருக்கு, பாதிப்பேர் பிள்ளைங்களை அங்க அனுப்பிட்டு இங்க கவலைப்படறவங்க, மீதிப்பேர் அங்க இருந்தே கேக்கறவங்க. அதனால இந்த இதழ் முழுக்க அதுக்கே. டெக்சஸ்ல ரொம்ப வருஷம் வேலை பாத்துட்டு ஊருக்கு வந்தவன்ங்கறதால அந்த ஊர் கணக்குல நிறைய சொல்லியிருப்பேன், சீசன் தேதியும் ரூல்ஸும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், வருஷத்துக்கு வருஷமும் மாறும், போறவங்க அந்தந்த மாநில வனவிலங்குத் துறை வெப்சைட்டை அந்த வருஷத்துக்குப் புதுசா பாத்துடுங்க.

என் பையன் டல்லாஸ்ல ஹெச்1பி விசாவுல இருக்கான். கூட வேலை பாக்கற அமெரிக்காக்காரரு தன்னோட பண்ணைக்கு வான்கோழி வேட்டைக்கு வான்னு கூப்பிட்டுகினு இருக்காராம். நம்ம பசங்க துப்பாக்கி தொடலாமா? போலீஸ்ல மாட்டினா விசா போயிடாதா? இவனும் கேக்க மாட்டேங்கறான், எனக்கு தூக்கமே இல்ல.
– ஒரு அம்மா, காட்பாடி

அம்மா, நீங்க பயப்படறதுல அர்த்தம் இருக்கு, இதை உங்க பையன்கிட்ட அப்படியே படிச்சு காட்டுங்க. அமெரிக்க மத்திய அரசு சட்டப்படி ஹெச்1பி, படிக்க வர்றவங்களுக்கான எஃப்1 மாதிரி தற்காலிக விசாவுல உள்ள வந்தவங்க துப்பாக்கியோ தோட்டாவோ கையில வெச்சிருக்கவே கூடாது, அதுதான் பொது விதி. அதுக்கு ஒரு சில விதிவிலக்கு இருக்கு, அதுல முக்கியமானது அமெரிக்காவுல ஏதாவது ஒரு மாநிலம் முறையா குடுத்த வேட்டை லைசென்ஸ் அவன் பேர்ல, அன்னிக்கு தேதிக்கு செல்லுபடியா இருக்கறது. அப்படின்னா வரிசை இதுதான், முதல்ல லைசென்ஸ், அப்பறம்தான் துப்பாக்கி. நிறைய பசங்க தப்பு பண்றது இங்கதான், லைசென்ஸ் வாங்கறதுக்கு முன்னாடி "சும்மா சுட்டு பழகிட்டு வரலாம்"னு ஷூட்டிங் ரேஞ்சுக்கு போய் ஒரு ஃபோட்டோ எடுத்து இன்ஸ்டாகிராம்லயும் போட்டுடுவாங்க, ரேஞ்சுல கையில வாங்கினாலும் அது வெச்சிருந்த கணக்குதான். துப்பாக்கி கேஸ் விழுந்தா ஜெயில் மட்டும் இல்ல, நாட்டை விட்டே அனுப்பிடறதுக்கும் அது காரணமாகும்.

லைசென்ஸுக்கு முன்னாடி ஹன்டர் எஜுகேஷன்னு ஒரு கோர்ஸ் இருக்கு. டெக்சஸ்ல 1971 செப்டம்பர் 2-ம் தேதியோ அதுக்கு அப்பறமோ பொறந்த எல்லாரும் அதை முடிச்சிருக்கணும், 17 வயசு ஆனவங்க ஆன்லைன்லயே முடிக்கலாம். ஆனா உங்க பையன் துப்பாக்கியையே பாத்ததில்லன்னா, நேர்ல நடக்கற வகுப்புக்கு போகச் சொல்லுங்க, கையில குடுத்து எப்படி தூக்கறது, எப்படி காலி பண்றது, வேலி தாண்டும்போது எங்க வெக்கறதுன்னு காட்டுவாங்க, அது ஸ்கிரீன்ல வராது. லைசென்ஸோட வேட்டைப் பறவைக்குன்னு தனியா ஒரு எண்டார்ஸ்மென்ட்டும், அதாவது கூடுதல் அனுமதியும், வாங்கணும். இன்னொண்ணு, அந்த ஊர் லைசென்ஸ் வருஷம் செப்டம்பர் 1-ல ஆரம்பிச்சு ஆகஸ்ட் 31-ல முடியும், எப்ப வாங்கினாலும் சரி. சொந்தமா துப்பாக்கி வாங்கி வீட்ல வெச்சுட்டு செப்டம்பர்ல லைசென்ஸ் புதுப்பிக்க மறந்தா அன்னிலிருந்து அது குத்தம். அதனால என் யோசனை, முதல் சீசனுக்கு எதுவும் வாங்க வேணாம், லைசென்ஸை பாக்கெட்ல வெச்சுகினு அந்த நண்பரோட துப்பாக்கியை அவர் பக்கத்துல இருக்கும்போது வாங்கி, அன்னிக்கே திருப்பி குடுத்துட்டு வரட்டும். போறதுக்கு முன்னாடி கம்பெனியோட இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட ஒரு மெயில் போட்டு எழுத்துல பதில் வாங்கிக்கட்டும். இவ்வளவும் பண்ணிட்டு போனா அவன் போறது சட்டப்படி முழுக்க சரி, நீங்க தூங்கலாம்.

அண்ணே, நான் சத்துவாச்சாரி, இப்ப ஆஸ்டின்ல இருக்கேன், கிரீன் கார்டு வந்தாச்சு. கடைக்கு போனா வேட்டை சாமான்னு ஒரு ஹால் முழுக்க மாட்டி வெச்சிருக்கான், எதை எடுக்கறது எதை விடறதுன்னே தெரியல. முதல்ல என்னா வாங்கணும்?
– ஆர்.கே., ஆஸ்டின்

தம்பி, அந்த ஹால்ல இருக்கறதுல முக்கால்வாசி உனக்கு வேணாம். இந்த வேட்டையில நீ நடக்கப்போறது கொஞ்சம், உக்காரப்போறது நிறைய, அதுவும் ஒரு விரலைக்கூட அசைக்காம. காட்டு வான்கோழிக்கு மோப்பம் ரொம்ப கம்மி, ஆனா கண்ணும் காதும் பயங்கரம், தலையை திருப்பாமலே சுத்துவட்டத்துல முக்கால் பங்கை பாத்துடும், கலரும் நல்லா தெரியும். நீ வாங்கற எதுவா இருந்தாலும் ஒரு கேள்வி கேட்டுக்கோ, இது என்னை அசையாம உக்கார வைக்குமா, இல்ல மறைச்சு வைக்குமா? ரெண்டும் இல்லன்னா வெச்சுட்டு வா.

அதனால நான் துட்டு செலவு பண்ண சொல்ற முதல் சாமான் சீட்டுதான். டர்க்கி வெஸ்ட்னு ஒரு பை வெச்ச மேல்கோட் விக்கறாங்க, அதுலயே பின்னாடி தொங்கற குஷன் இருக்கும், மரத்தடியில மடக்கி போட்டு உக்காந்துக்கலாம். குஷன் மெத்துனு இருக்கணும், கடையிலயே தரையில போட்டு கால் மணி நேரம் உக்காந்து பாரு, கடைக்காரன் ஒண்ணும் சொல்ல மாட்டான். வேர் குத்தி, கால் மரத்துப்போய் நீ ஒரு தடவை இடுப்பை நகர்த்தினா போதும், எழுபது கெஜத்துல நின்னு பாத்துகினு இருக்கற சேவல் அப்படியே காணாம போயிடும்.

துணி விஷயத்துல பிராண்டு பாக்காத. இலை, பட்டை டிசைன் போட்ட கேமோ சட்டை பேன்ட் பழசா இருந்தாலும் போதும், கொஞ்சம் தொளதொளன்னு இருக்கட்டும். ஆனா முகமூடியும் கையுறையும் கண்டிப்பா வேணும், ஏன்னா நம்ம அசையற பாகம் கையும் முகமும்தான். உக்காரும்போது பேன்ட் மேல ஏறும், அப்ப வெள்ளை சாக்ஸ் தெரியும், அதே மாதிரி சட்டை காலர்ல உள்ள போட்ட வெள்ளை பனியன் தெரியும், ரெண்டையும் வீட்டுலயே மாத்திட்டு கிளம்பு. சிவப்பு, வெள்ளை, நீலம் இந்த மூணும் உடம்புல எங்கயும் இருக்கக்கூடாது, கைக்குட்டையில கூட. அது பறவைக்காக மட்டும் சொல்லல, ஏன்னு அடுத்த பதில்ல எழுதியிருக்கேன்.

பூட்ஸ் பத்தி நம்ம ஜில்லாக்காரனுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, ஆம்பூர் ராணிப்பேட்டையில எக்ஸ்போர்ட்டுக்கு போற லெதரை தொட்டு வளந்தவங்க. தண்ணி புகாத, கணுக்காலுக்கு மேல வர்ற பூட்ஸா எடு, விடியக்காலையில புல்லு முழுக்க பனி ஈரம். புதுசா இருந்தா சீசனுக்கு முன்னாடியே போட்டு நடந்து அந்த கிரீச் சத்தம் போற வரைக்கும் பழக்கிடு. டெக்சஸ்ல ரேட்டில்ஸ்னேக் இருக்கு, இருட்டுல டார்ச் இல்லாம கால் வைக்காத, முழங்கால் வரைக்கும் கட்டற பாம்புக் கெய்ட்டர் வாங்கினா அது வீண் செலவு இல்ல.

அதை விட பெரிய தொல்லை உண்ணி. பெர்மெத்ரின்னு ஒரு ஸ்ப்ரே இருக்கு, துணிமேலயும் பூட்ஸ்மேலயும் முந்தின நாளே அடிச்சு காயவெச்சுடணும், தோல்மேல அடிக்கக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் அக்குள், முழங்கால் மடிப்பு, இடுப்புப் பட்டி இடம் எல்லாம் தேடிப் பாக்கணும். லோன் ஸ்டார்னு ஒரு வகை உண்ணி கடிச்சா சிலருக்கு ஆட்டுக்கறி, மாட்டுக்கறி ரெண்டும் அலர்ஜி ஆயிடுது, சாப்பிட்டு சில மணி நேரம் கழிச்சு உடம்பெல்லாம் தடிக்கும், மூச்சு கூட திணறும். பிரியாணி ஊர்க்காரன் நீ, இந்த விஷயத்துல அலட்சியமா இருக்காத.

கூப்பிடற கருவி ஒண்ணு போதும், அதை பத்தி கீழ திருவலம் அம்மாவுக்கு விவரமா எழுதியிருக்கேன். பொம்மை வான்கோழி, அங்க டிகாய்னு சொல்றது, ஒரு பெட்டை வாங்கினா போதும், மடக்கி பையில போடற மாதிரி லேசானது. சேவல் பொம்மை வேணாம், குறிப்பா அரசுக் காட்டுல வேணாம். ரேஞ்ச்ஃபைண்டர், விலை கூடின பைனாக்குலர், வாசனை மறைக்கற ஸ்ப்ரே, கேமரா எதுவும் முதல் வருஷம் தேவையில்ல. ஒரு பாட்டில் தண்ணி, பொரியோ கடலை மிட்டாயோ கொஞ்சம், சைலன்ட்ல போட்ட ஃபோன், லைசென்ஸ், டேக்ல (அடிச்ச பறவையில கட்டற சீட்டு) எழுத ஒரு பேனா, பறவையை அடிச்சதும் அங்கயே டேக் கட்டி ரிப்போர்ட் பண்ணணும்ங்கறதால. அவ்வளவுதான் பை.

நான் முன்னாள் ராணுவ வீரன், ரைஃபிள்தான் பழக்கம். பேரன் அமெரிக்காவுல வான்கோழிக்கு ஷாட்கன் எடுத்துக்கிட்டு போறேங்கறான். இவ்ளோ பெரிய பறவைக்கு ரவை போடற துப்பாக்கி எதுக்கு? பாதுகாப்பு எப்படி?
– கம்மவான்பேட்டை வாசகர்

ஐயா, வணக்கம். ரைஃபிள் சில மாநிலத்துல அனுமதி இருக்கு, பல மாநிலத்துல வசந்த கால வான்கோழிக்கு அனுமதியே இல்ல, காரணம் குண்டு ரொம்ப தூரம் போகும், காட்டுக்குள்ள மரத்துக்கு மரம் கேமோ போட்ட ஆளுங்க உக்காந்திருக்காங்க. ஷாட்கன்ல ரவை, அதாவது ஒரே தோட்டாவுல இருந்து போற சின்னச் சின்ன குண்டு, கொஞ்ச தூரத்துலயே வேகம் குறைஞ்சிடும்.

நம்ம ஊர்ல 12 போர்னு சொல்றதுதான் அங்க 12 கேஜ், கொஞ்சம் சின்னது 20 கேஜ், தோள்ல உதைக்கறது கம்மி, பேரனுக்கு அதுவே போதும். வான்கோழியோட உடம்பு முழுக்க கெட்டியான இறகும் தடிச்ச நெஞ்சுக்கறியும், அதுல ரவை பட்டா பறவை காயத்தோட ஓடிப்போய் எங்கயோ கிடந்து சாகும். அதனால குறி எப்பவும் தலையும் கழுத்தும்தான், கழுத்து நீட்டி நிக்கும்போது, இறகு முடிஞ்சு சதை தெரிய ஆரம்பிக்கற இடம். இவ்வளவு சின்ன இடத்துல நிறைய ரவை விழணும்னா குழாய் வாயில சோக்னு ஒரு திருகு மாட்டுவாங்க, ஃபுல் சோக் இல்ல எக்ஸ்ட்ரா ஃபுல், ரவை சிதறாம நெருக்கமா போகும். ஈயத்துல 4, 5, 6 நம்பர் ரவை வழக்கம், இப்ப டங்ஸ்டன் ரவை வந்திருக்கு, ஈயத்தை விட கனம், அதனால 9 நம்பர் மாதிரி பொடி ரவையே வேலை செய்யுது, ஆனா விலை கேட்டா ஒரு நிமிஷம் யோசிப்பீங்க.

நீங்க ராணுவத்துல குறி சரியா விழுதான்னு சுட்டுப் பாத்து ஜீரோ பண்ணுவீங்களே, அந்த வேலை இதுலயும் இருக்கு, நிறைய பேர் பண்றதில்ல, அதுல எனக்கு கோவமே வரும். பேட்டர்ன் பாக்கறதுன்னு பேர். பெரிய தாள்ல பத்து அங்குல வட்டம் போட்டு 40 கெஜத்துல வெச்சு, வேட்டைக்கு போடப்போற அதே தோட்டாவை சுட்டு, வட்டத்துக்குள்ள எத்தனை ஓட்டைன்னு எண்ணணும், நூறு ஓட்டை இருந்தா நல்லதுன்னு அங்க ஒரு கணக்கு வெச்சிருக்காங்க. வரலன்னா 30 கெஜத்துக்கு கொண்டு வந்து பாக்கணும், அங்க வந்தா அதுதான் அந்த துப்பாக்கியோட எல்லை, காட்டுல அதுக்கு மேல ஒரு அடி தூரத்துல நின்னாலும் விட்டுடணும். சோக், தோட்டா கம்பெனி எது மாறினாலும் திரும்ப முதல்ல இருந்து.

பாதுகாப்புல உங்களுக்கு நான் சொல்லித் தர ஒண்ணும் இல்ல, ஆனா பேரனுக்கு இந்த வேட்டைக்குன்னு இருக்கற ஆபத்தை சொல்லணும். இதுல எல்லாரும் ஒளிஞ்சு உக்காந்து வான்கோழி மாதிரியே சத்தம் குடுத்துகினு இருக்காங்க. மனுஷனை பறவைன்னு நினைச்சு சுடற விபத்து இங்க அப்படித்தான் நடக்குது. சேவலோட தலை சிவப்பு, வெள்ளை, நீலம், அதான் அந்த மூணு கலரும் வேணாம்னு மேல சொன்னேன். தோள் அகலத்தை விட பெரிய மரத்துல முதுகு சாய்ச்சு உக்காரணும், பின்னாடி இருந்து வர்ற ரவைக்கு அது தடுப்பு. சேவல் கத்தற சத்தத்தை தேடிகினு பதுங்கி போகவே கூடாது, அந்த சத்தம் இன்னொரு ஆளோடதா இருக்கலாம். யாராவது வர்றது தெரிஞ்சா கையை ஆட்டக்கூடாது, எழுந்திருக்கக்கூடாது, மனுஷக் குரல்ல சத்தமா பேசணும். நடக்கும்போதும் அடிச்ச பறவையை தூக்கிகினு வரும்போதும் ஆரஞ்சு துணி மேல இருக்கணும், பறவையையும் ஆரஞ்சு துணியில சுத்தணும். அப்பறம் முக்கியமா, முழு பறவையும், தாடியும் (சேவல் நெஞ்சுல தொங்கற மயிர்க் கத்தை) கண்ணுக்கு தெரியாம விரல் ட்ரிகர்கிட்ட போகக்கூடாது. இலை அசையுது, சத்தம் கேக்குது, கறுப்பா ஏதோ தெரியுது, இதெல்லாம் சுடறதுக்கு காரணமே இல்ல.

அது ஏன் வசந்த காலத்துல? நம்ம ஊர்ல குஞ்சு பொரிக்கற காலத்துல பறவையை தொட்டா பாவம்னு சொல்வாங்களே. இப்படி சுட்டா இனமே அழிஞ்சிடாதா?
– தறிக்காரர் ஒருத்தர், குடியாத்தம்

நல்ல கேள்வி, நானும் அங்க போன புதுசுல இதையேதான் கேட்டேன். வசந்த காலத்துல அடிக்க அனுமதி சேவலுக்குதான். நெஞ்சுல இருந்து ஒரு மயிர்க் கத்தை தொங்கும், அதை அங்க தாடின்னே சொல்றாங்க, தாடி இருக்கற பறவைன்னு ரூல்ல எழுதியிருக்கற மாநிலமும் உண்டு. ஒரு சேவல் பல பெட்டையோட சேரும், சேந்ததோட சரி, அடைகாக்கறதுலயோ குஞ்சு வளக்கறதுலயோ அதுக்கு பங்கே கிடையாது. பெட்டை தரையில சருகுல குழி மாதிரி பண்ணி ஏறக்குறைய பத்து பன்னெண்டு முட்டை வெச்சு 28 நாள் அடைகாக்கும், பெட்டையை தொட்டாதான் இனத்துக்கு அடி. பெரும்பாலான மாநிலம் சீசன் தேதியை, நிறைய பெட்டை சேந்து முட்டைக்கு உக்காந்த பிறகு வர்ற மாதிரி பாத்துதான் வைக்கறாங்க. சில தென் மாநிலங்கள்ல குஞ்சு எண்ணிக்கை குறையுதுன்னு தெரிஞ்சதும் தேதியை தள்ளியிருக்காங்க, டென்னசி 2023-ல ரெண்டு வாரம் தள்ளி வெச்சுது.

இனம் அழிஞ்சிடாதான்னு கேட்டீங்க, ஒரு காலத்துல அழியற நிலைமைக்கு வந்துச்சு. காட்டை வெட்டினது, சந்தையில விக்கறதுக்காக கணக்கில்லாம சுட்டது, இது ரெண்டும் சேந்து 20-ம் நூற்றாண்டு ஆரம்பத்துல நாடு முழுக்க சில லட்சம் கூட இல்லாம போச்சு, பல மாநிலத்துல ஒண்ணு கூட இல்ல. முதல்ல பண்ணையில வளத்து காட்டுல விட்டு பாத்தாங்க, அது பொழைக்கல, காட்டுல பொழைக்கத் தெரியாத பறவை. அப்பறம் 1950-களுக்கு மேல, மேயற கூட்டத்து மேல பீரங்கி மாதிரி வெடிச்சு பறக்கற வலையை போட்டு, உண்மையான காட்டுப் பறவையை உயிரோட பிடிச்சு, இல்லாத ஊருக்கு லாரியில கொண்டுபோய் விட்டாங்க, அதுதான் பலிச்சுது. இன்னிக்கு லட்சக்கணக்குல இருக்கு, அலாஸ்கா தவிர எல்லா மாநிலத்துலயும் இருக்கு. அதுக்கு காசு எங்க இருந்து வந்துச்சுன்னா, 1937-ல பிட்மேன்-ராபர்ட்சன்னு ஒரு சட்டம் போட்டாங்க, நீளத் துப்பாக்கி, தோட்டா விக்கும்போது 11 சதவீதம் வரி, அது நேரா வனவிலங்கு வேலைக்கு மாநிலங்களுக்கு போகும். லைசென்ஸ் காசும் அங்கயே போகுது. 1973-ல ஆரம்பிச்ச தேசிய காட்டு வான்கோழி கூட்டமைப்பு, நேஷனல் வைல்ட் டர்க்கி ஃபெடரேஷன், அதுலயும் வேட்டைக்காரங்கதான் உறுப்பினர். சுடறவன் காசுல பறவை திரும்பி வந்துச்சுங்கறது நமக்கு ஏத்துக்க கஷ்டமா இருக்கும், ஆனா நடந்தது அதுதான். சட்டம் கறாரா இருந்ததாலதான் நடந்துச்சு, அதையும் சேத்தே சொல்லணும்.

நான் ஆரணி பக்கத்துல வான்கோழி பண்ணை வெச்சிருக்கேன். அது பறக்குமாமே, மரத்துல தூங்குமாமே, நிஜமாவா? என் பண்ணையில இருக்கறது திண்ணை ஏறவே கஷ்டப்படுது!

நிஜம்தான் அண்ணே. ஒரே இனம்தான், உங்க பண்ணைப் பறவையோட பூர்வீகம் மெக்சிகோ காட்டு வான்கோழி, ஸ்பெயின்காரங்க 16-ம் நூற்றாண்டுல ஐரோப்பாவுக்கு கொண்டுபோய் அங்க இருந்து உலகம் முழுக்க போச்சு. கறிக்காக கனமா வளத்து வளத்து பறக்கறது போச்சு. காட்டு சேவல் ஏழுல இருந்து பத்து கிலோ வரும், உடம்பு ஒடுங்கினாப்ல இருக்கும், வேகமா ஓடும், சாயங்காலம் உயரமான மரத்துல பறந்து ஏறி கிளையில தூங்கும், விடியும்போது இறங்கும். உங்க பண்ணை பக்கம் லாரிக்காரன் ஹாரன் அடிச்சா சேவல் எல்லாம் ஒண்ணா "களகளகள"ன்னு கத்தும் இல்லையா, காட்டுலயும் அதே குணம்தான். இருட்டுல ஆந்தை மாதிரியோ காக்கா மாதிரியோ ஒரு சத்தம் குடுப்பாங்க, மரத்துல இருக்கற சேவல் தன்னை அறியாம பதில் கத்தும், எந்த மரம்னு தெரிஞ்சிடும். அதுக்கப்பறம் அந்த மரத்துக்கு ஒரு நூறு நூத்தம்பது கெஜம் தள்ளியே உக்காந்துடணும், மரத்தடிக்கு போனா வேலை கெட்டுது.

வான்கோழியை குரல் குடுத்து கூப்பிடறாங்களாமே, எப்படி? என் மருமகன் ஃபோன்ல ஏதோ கல்லுல குச்சியை தேய்ச்சு காட்டறார், பேத்தி சிரிக்கறா.
– ஓய்வு பெற்ற பாட்டு டீச்சர், திருவலம்

டீச்சர், அந்த கல்லுதான் ஸ்லேட் கால். உள்ளங்கை அளவு வட்டமான கிண்ணம், மேல பலகை ஸ்லேட்டோ கண்ணாடியோ அலுமினியமோ பதிச்சிருக்கும், அடியில ஓட்டை. ஒரு மரக்குச்சியை பென்சில் பிடிக்கற மாதிரி பிடிச்சு, நுனியை கொஞ்சம் சாய்ச்சு, கல்லு மேலயே வெச்சுகினு சின்னதா ஒரு முட்டை வடிவம் சுத்தணும். நுனி கல்லை விட்டு மேல வரவே கூடாது. கிண்ணத்தை உள்ளங்கையில அமுக்கி பிடிச்சா சத்தம் செத்துடும், விரல் நுனியில நிக்க வைக்கணும், கீழ காத்து போற இடம் இருக்கணும். சுத்தும்போது முதல்ல ஒரு கீச், உடனே அது உடைஞ்சு கரகரப்பா கீழ இறங்கும், ரெண்டும் ஒட்டி வரணும், அந்த ஒரு ஒலி. அதை ஒரே காலப்பிரமாணத்துல அஞ்சாறு தடவை போட்டா பெட்டை சேவலை கூப்பிடற யெல்ப். நடுவுல நுனியை ஒரு தட்டு தட்டி இழுத்தா க்ளக். மெதுவா ஒரே கோடா இழுத்தா பர், அது மேயும்போது நிம்மதியா இருக்கற சத்தம். கல்லு வழுவழுன்னு ஆயிட்டா சத்தம் வராது, பொடி உப்புத்தாள்ல ஒரே திசையா தேய்க்கணும், கை வேர்வை பட்டாலும் வராது.

பெட்டி மாதிரி ஒண்ணு இருக்கு, மூடியை பக்கத்துல உரசினா சத்தம் வரும், சுண்ணக்கட்டி தடவுவாங்க, புதுசா வர்றவங்களுக்கு அதுதான் சுலபம். வாய்க்குள்ள வெச்சு ஊதறது இன்னொண்ணு, லாட வடிவத்துல ரப்பர் தோல், கை ரெண்டும் சும்மா இருக்கும்ங்கறதால அனுபவக்காரங்க அதைதான் வெச்சுப்பாங்க, ஆனா ஆரம்பத்துல குமட்டும், நாக்கு அழுத்தம் பிடிபட நாளாகும்.

உங்களுக்கு பாட்டு தெரியும்ங்கறதால சொல்றேன், இதுல ஸ்ருதியை விட தாளம் முக்கியம், அதை விட நிறுத்தறது முக்கியம். உண்மையில காட்டுல சேவல் ஒரு இடத்துல நின்னு, மயில் தோகை விரிக்கற மாதிரி வாலை விரிச்சு, இறக்கையை தரையில உரசிகினு கத்தும், பெட்டைதான் அது கிட்ட போகும். நம்ம பண்றது அதுக்கு தலைகீழ், சேவலை வரச் சொல்றோம். அதனால அது பாதி தூரம் வந்து எழுபது கெஜத்துல நின்னு, பெட்டை வரட்டும்னு காத்திருக்கும். புதுசா வர்றவங்க அங்கதான் பயந்துபோய் இன்னும் இன்னும் தேய்ப்பாங்க. பதில் வந்துடுச்சுன்னா கருவியை கீழ வெச்சுடணும். அரை மணி, முக்கால் மணி கூட ஆகும். கடைசியில சத்தமே இல்லாம வரும், ரொம்ப கிட்ட வந்தா நெஞ்சுக்குள்ள உறுமற மாதிரி ஒரு "ம்ம்ம்"னு அதிர்வு கேக்கும், காதுல கேக்கறதை விட உடம்புல தெரியும், அப்ப மூக்கு மேல தொங்கற சதை நீண்டு ஒரு பக்கமா விழுந்திருக்கும், தலை வெளுத்து நீலமா இருக்கும். அதை பாத்துட்டு சுடாம வந்தவங்க கூட அன்னிக்கு போனது வீண்னு சொல்ல மாட்டாங்க. விடியும்போது வரலன்னா கிளம்பிடவும் வேணாம், ஒன்பது பத்து மணிக்கு பெட்டைங்க முட்டைக்கு போயிடும், தனியா நிக்கற சேவல் அப்பதான் பதில் சொல்லும். டெக்சஸ்ல பொழுது சாயற வரைக்கும் நேரம் உண்டு, சில மாநிலத்துல மதியத்தோட நிறுத்திடணும். மருமகனை சீசனுக்கு முன்னாடி காட்டுல போய் பழக வேணாம்னு சொல்லுங்க, பறவைங்க அந்த சத்தத்தை தெரிஞ்சுக்கும், கார்லயோ வீட்டுலயோ பழகட்டும், பேத்தி சிரிச்சாலும் பரவால்ல.

அஸ்ஸலாமு அலைக்கும். தம்பி ஹூஸ்டன்ல இருக்கான், வேட்டையில அடிச்ச வான்கோழி ஹலால் ஆகுமா?
– ஆம்பூர் வாசகர்

வ அலைக்குமுஸ்ஸலாம் பாய். வேட்டைக் கறி மார்க்கத்துல ஆகுமானதுதான், சுடும்போது அல்லாஹ் பேர் சொல்லணும், உயிரோட கைக்கு கிடைச்சா உடனே ஜபஹ் பண்ணிடணும், அதாவது முறைப்படி அறுத்துடணும். ஆனா ஈட்டி, அம்பு மாதிரி குத்தி கிழிக்கறதுக்கும் ரவை மோதி சாகறதுக்கும் வித்தியாசம் இருக்குன்னு சொல்ற ஆலிம்கள் இருக்காங்க, ஜபஹ் பண்றதுக்கு முன்னாடி உயிர் போனா சாப்பிடக்கூடாதுன்னு அவங்க சொல்றாங்க, இன்னொரு தரப்பு ஆகும்ங்கறாங்க. அதனால தம்பி கிளம்பறதுக்கு முன்னாடி உங்க மஹல்லா ஹஜ்ரத்கிட்ட கேட்டுக்கறதுதான் சரி. வில் வேட்டையும் அங்க அனுமதி இருக்கு, அதையும் சேத்து கேளுங்க.

இதே மாதிரி நம்ம ஜவ்வாது மலையில மயிலு, கௌதாரிக்கு கூப்பிட்டு பாக்கலாமா? எங்க பக்கம் மயில் வயலை நாசம் பண்ணுது சார்.
– ஒடுகத்தூர்

வேணவே வேணாம் தம்பி. 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி இங்க வேட்டையே தடை, சுடறது மட்டும் இல்ல, கண்ணி வைக்கறது, இரை போட்டு இழுக்கறது, துரத்தறது, முயற்சி பண்றது, முட்டை எடுக்கறது எல்லாமே வேட்டைன்னுதான் அந்த சட்டத்துல எழுதியிருக்கு. மயில் முதல் அட்டவணையில இருக்கு, மூணுல இருந்து ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில். நாட்டுத் துப்பாக்கி வெச்சிருந்தா ஆயுதச் சட்டம் தனி. கௌதாரி, காட்டுக் காடைக்கும் பாதுகாப்பு இருக்கு, கடையில விக்கறது பண்ணையில வளக்கற ஜப்பான் காடை, ஆசைக்கு அதை வாங்கி சாப்பிடலாம். அங்க இருக்கற மாதிரி சீசன், எண்ணிக்கை, லைசென்ஸ், கண்காணிப்புன்னு ஒரு ஏற்பாடு இங்க இல்ல, அது இல்லாம சுட ஆரம்பிச்சா மலை ஒரு சில வருஷத்துல காலி ஆயிடும்ங்கறது என் கருத்து. உங்க நஷ்டம் உண்மைதான், அதை நான் குறைச்சு சொல்லல, வனத்துறை ரேஞ்சர் ஆபீஸ்ல எழுத்துல மனு குடுங்க, நகலை வெச்சுக்குங்க, வி.ஏ.ஓ. கிட்டயும் பயிர் சேதத்தை பதிவு பண்ணுங்க. விதை மேல வலை விரிக்கறது, முளைக்கற அந்த பத்து நாள் காவல் இருக்கறது, இது ரெண்டும் ஓரளவு காப்பாத்தும்.

மருமக அமெரிக்காவுல இருந்து ஃபோன் பண்ணா, பக்கத்து வீட்டுக்காரர் காட்டு வான்கோழி கறி குடுத்திருக்காராம், எப்படி செய்யறது?
– வாலாஜாப்பேட்டை மாமி

முதல்ல கறியை வெளிச்சத்துல வெச்சு விரலால தடவிப் பாக்கச் சொல்லுங்க, ரவை இருந்தா கறுப்பா ரத்தம் கட்டின இடமா தெரியும், அந்த இடத்தை தாராளமா வெட்டி போட்டுடணும், ஈயம் உடம்புக்கு ஆகாது, பல்லும் உடையும். குழந்தை இருக்கற வீடுன்னா இன்னும் கவனம். நெஞ்சுக்கறியையும் கால் கறியையும் ஒண்ணா போட்டுடாதீங்க. நெஞ்சு கொழுப்பே இல்லாதது, ரொம்ப வெந்தா நார் நாரா காஞ்சுபோயிடும், தயிர், இஞ்சி பூண்டு, மிளகாத்தூள், உப்பு போட்டு ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ்ல ஊறவெச்சு, துண்டு போட்டு எண்ணெயில சுக்காவா பிரட்டி எடுத்தா நல்லா இருக்கும், ஆனா நடுவுல வெந்திருக்கணும். கால் நேர்மாறு, எலும்பு கெட்டி, உள்ள கம்பி மாதிரி நரம்பு இருக்கும், குக்கர்ல சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், கொஞ்சம் மஞ்சள் போட்டு நாட்டுக்கோழிக்கு விடறதை விட ரெண்டு மூணு விசில் கூட விட்டு, ஆறினதும் நரம்பை உருவிட்டு, அந்த தண்ணியிலயே மிளகுக் குழம்பு வெக்கலாம். மீதி இருந்தா ஃப்ரீசர்ல வெச்சுக்கலாம், தெரிஞ்சவங்களுக்கு குடுக்கலாம், ஆனா காட்டுக் கறியை காசுக்கு விக்கறது அங்க குத்தம், அதை மட்டும் மருமககிட்ட மறக்காம சொல்லிடுங்க.